பழைய எஞ்சினும் புது எஞ்சினும்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மோட்டார் எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்டால் அதில் தவறு ஒன்றும் இல்லை. சைக்கிளுக்குக் காற்று அடிப்பதைத் தவிர வேறு யந்திர வித்தை எதுவும் நான் கற்றவனல்ல. ஆனால் ஒரு நாள் விடியற்காலையில், செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் சாலையில், ஒரு டீசல் எஞ்சின் என்னை நடு வழியில் இறக்கிவிட்டது. இன்னொரு டீசல் எஞ்சின் என்னை ஊர் கொண்டுவந்து சேர்த்தது. முதலாவது புதியது. இரண்டாவது கிழம். அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். இரவே கடைசி பஸ்ஸைத் தவற விட்டுவிட்டதால், விடியுமுன் பூ ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு பிக்கப் வண்டியில் இடம் கேட்டு ஏறிக்கொண்டேன். வண்டிக்காரருக்கு முப்பது வயது இருக்கும். சொந்த வண்டி, அதாவது இன்னும் இரண்டு வருஷம் தவணை கட்டினால் சொந்தமாகப் போகிற வண்டி. பின்னால் சாமந்தி மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"ஆறு மணிக்குள்ள மார்க்கெட்டுல இறக்கிடணும் சார். ஏழு ஆச்சுன்னா பாதி விலைதான்" என்றார்.

அவர் முகத்துக்கு எதிரே இருந்த பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அது பத்து நாளா எரியுதுங்க. ஒண்ணும் பண்ணாது."

அது ஒன்றும் பண்ணாமல் இருக்கவில்லை. அண்ணாமலை மலை கறுப்பாக எதிரே தெரிய ஆரம்பித்த சமயம், வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. அவர் பெடலை அழுத்துகிறார். எஞ்சின் கேட்க மாட்டேன் என்கிறது. வேறு இரண்டு விளக்குகள் எரிந்தன. மாட்டு வண்டி வேகத்தில் சிறிது தூரம் ஊர்ந்து, ஒரு புளிய மரத்தடியில் நின்றுவிட்டது. பிறகு எத்தனை முயன்றும் கிளம்பவில்லை. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது. எங்கே கை வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து, பால் கேன்களோடு ஒரு கிழட்டுப் பிக்கப் வந்தது. அதன் நிறம் இன்னதென்று சொல்வதற்கில்லை. ஓட்டி வந்தவர் வெள்ளை மீசைக்காரர். இறங்கி வந்து ஒரு முறை பார்த்தார். "கயிறு இருக்கா?" என்றார். கட்டினோம். கட்டும்போது அவர் சொன்ன வார்த்தை என் காதில் இன்னும் இருக்கிறது. "என் வண்டிக்கு இருபத்தெட்டு வயசு தம்பி. லைட்டும் எரியாது, மூளையும் கிடையாது. ஆனா நிக்காது."

இளைஞர் பதில் சொல்லவில்லை. கயிற்றின் மறு முனையில் கட்டப்பட்டவன் என்ன பதில் சொல்ல முடியும்? கிழ வண்டி புகை கக்கிக்கொண்டு முன்னால் போயிற்று. அந்தப் புகையைக் குடித்துக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம். மார்க்கெட்டில் இறங்கியபோது மணி ஏழரை. பூ பாதி விலைக்குத்தான் போயிற்று. கல்யாணத்துக்கு உடுத்திய என் வெள்ளைச் சட்டையில் கரிப் புள்ளிகள் இருந்தன.

"பழசு பழசுதான்" என்று மார்க்கெட்டில் எல்லாரும் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து குளிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. இப்படிப்பட்ட ஏகமனதான தீர்ப்புகள் சரித்திரத்தில் பெரும்பாலும் தப்பாகவே இருந்திருக்கின்றன அல்லவா? அப்படியானால் எஞ்சினின் சரித்திரத்தையே கொஞ்சம் பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

டீசலுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதை என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. பஸ்களின் பின்புறத்தில் பெரிய இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக் கரியைப் போட்டுக் கனலச் செய்து, அந்தக் கரி வாயுவில் பஸ் ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன் கிளீனர் பையன் கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதுவான். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். நேரத்துக்குப் போய்ச் சேருவோம் என்று யாரும் நினைப்பதில்லை. போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்தார்கள். அந்தக் கரி பஸ்ஸில் போனவர்களுக்கு டீசல் லாரி தேவலோக விமானமாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. "பழசு பழசுதான்" என்று இன்று நாம் புகழ்கிற எஞ்சின், அன்று புதுசாக வந்து இறங்கியதுதான்.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்டுவதற்கு மின்சாரப் பொறி வேண்டும். டீசல் அது வேண்டாம் என்றார். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறதல்லவா? எனக்குத் தெரிந்த ஒரே யந்திர வித்தை இங்கே உபயோகப்படுகிறது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். பதினைந்து, இருபது மடங்கு அமுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தக் காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அக்னித் தலம் என்று பெயர் பெற்ற எங்கள் ஊரில் இந்தத் தத்துவத்தைப் புரியவைப்பது கஷ்டமல்ல.

1892-ல் அவர் உரிமைப் பத்திரத்துக்கு மனுப் போட்டார். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் எஞ்சின் சரியாக ஓடியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் நெருப்பின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை வேலையாக மாற்றினாலே பெரிய விஷயம். டீசலின் எஞ்சின் நாலில் ஒரு பங்கை மாற்றியது. 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். மல்லாட்டை விளைகிற எங்கள் ஜில்லாவுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்! ஆனால் டீசல் தமது எஞ்சின் சாலையில் ஓடியதைப் பார்க்கவில்லை. 1913 செப்டம்பர் 29-ம் தேதி இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தவர் மறு நாள் காலையில் காணப்படவில்லை. கடலில் அவர் உடல் பிறகுதான் கிடைத்தது.

அவர் காலத்து எஞ்சின்கள் கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும்தான் பொருந்தும். எண்ணெயை உள்ளே தள்ளுவதற்கே தனியாக ஒரு காற்று யந்திரம் வேண்டியிருந்தது. 1927-ல் ராபர்ட் பாஷ் கம்பெனி சிறிய எண்ணெய்ப் பம்பு ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிக்குள் வசதியாக உட்கார்ந்தது. 1932-ல் இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்ற ஊரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் தொடங்கிய கம்பெனி, லாரிக்கென்றே வேகமாகச் சுழலும் சிறு டீசல் எஞ்சின்களைச் செய்தது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினான 'பி6' பிற்பாடு நம் நாட்டில் குடும்பப் பெயர் போல ஆகிவிட்டது. பெட்ரோல் லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெர்க்கின்ஸைப் பொருத்துவது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது.

சென்னைப் பட்டணத்தில் 1840 முதல் கோச்சு வண்டி கட்டிவந்த ஸிம்ஸன் கம்பெனி, சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை இங்கேயே தயாரித்தது. 1948-ல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி 1954-ல் மெர்ஸிடிஸ் பென்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எஞ்சினின் இருதயமான எண்ணெய்ப் பம்பைச் செய்வதற்கு 1951-ல் பெங்களூரில் மைகோ கம்பெனி ஏற்பட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே கிணற்று மேட்டில் டக் டக் என்று அடித்துக்கொண்டு ஆயில் எஞ்சின் வந்திருந்தது. எங்கள் வட ஆற்காட்டுக் குடியானவர்களுக்கு டீசலோடு முதல் பழக்கம் லாரியில் ஏற்பட்டதல்ல, கிணற்றடியில் ஏற்பட்டது.

இங்கே ஒரு முக்கியமான சமாசாரம் இருக்கிறது. இந்த மூன்று நான்கு எஞ்சின்களே சிற்சில மாறுதல்களோடு முப்பது வருஷம் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டன. லைசென்ஸ் காலம் அது; புது மாடல் கொண்டுவருவது சாமான்யமல்ல. பொருளாதார நிபுணர்கள் இதைத் தேக்கம் என்பார்கள். ஆனால் பட்டறைக்காரருக்கு அது வேறு விதமாக அமைந்தது. இருபது வயதில் ஒரு எஞ்சினைக் கற்றுக்கொண்டவர், ஐம்பது வயதிலும் அதே எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். தாய்மொழி போல அது அவர் நாக்கில் ஊறிப்போயிற்று. ஊருக்கு ஊர், சாலைக்குச் சாலை அந்த மொழி தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

அப்படி ஒருவர் செங்கம் சாலையில் பட்டறை வைத்திருக்கிறார். வயது எழுபதுக்குப் பக்கம். எல்லாருக்கும் அவர் 'மேஸ்திரி'. நின்றுபோன பூ வண்டி அன்றைக்கு அங்கேதான் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தப்பட்டது. மறு நாள் நானும் போனேன்.

"மேஸ்திரி, பழைய எஞ்சின் நிற்காது, புது எஞ்சின் நின்றுவிடும் என்கிறார்களே, வாஸ்தவம்தானா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "பழைய எஞ்சின் நிக்காதுன்னா, நான் எப்படி சார் மூணு பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தேன்?"

பிறகு அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிதாக இருந்தது. பழைய லாரி ஒரு நாளும் ஒழுங்காக இருந்ததில்லை. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். இன்றைக்குப் பதினாயிரமும் அதற்கு மேலும் சாதாரணமாகப் போகிறது. நாஸில் அடைக்கும். ஹெட் கேஸ்கெட் போகும். டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்தால், பம்பைக் கையால் அடித்து, நட்டைத் தளர்த்தி, நுரை நிற்கும் வரையில் காற்றை எடுக்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு தரம் எஞ்சினைக் கீழே இறக்கி, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றியாக வேண்டும். அதை ஒரு குற்றமாக யாரும் நினைத்ததில்லை. மழைக்காலம் வருவது போல அதுவும் வரும் என்று பணம் எடுத்து வைத்திருந்தார்கள்.

"ஆனா சார், அது சொல்லிட்டு நிக்கும்" என்றார் மேஸ்திரி.

எப்படிச் சொல்லும்? புகையில் சொல்லும். கறுப்புப் புகை வந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலையே குடிக்கிறது, ரிங் தேய்ந்துவிட்டது. வெள்ளைப் புகை ஓயாமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது, அல்லது டீசல் எரியாமல் போகிறது. சத்தத்திலும் சொல்லும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டால், எந்தச் சிலிண்டரில் தட்டுகிறது என்று தெரியும். வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான். மேஸ்திரியின் குரு அப்படிக் கேட்டார், மேஸ்திரியும் கேட்டார். பாட்டரி செத்துப்போனால் இறக்கத்தில் தள்ளிவிட்டால் போதும். ஒரு முறை கிளம்பிவிட்டால் அந்த எஞ்சினுக்கு மின்சாரமே வேண்டாம். ஜவ்வாது மலை ஏற்றத்தில் நின்றாலும், வருகிற இரண்டாவது லாரிக்காரன் அதைச் சரிசெய்துவிடுவான்.

இந்தப் பேச்சில் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். இன்று சாலையில் ஓடுகிற கிழ வண்டிகள் எல்லாம் பிழைத்து நின்றவை. அவற்றோடு பிறந்தவற்றில் பெரும்பகுதி எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நூறு வயதுக் கிழவர் ஒருவரைக் காட்டி, "அந்தக் காலத்தில் எல்லாரும் நூறு வயது இருந்தார்கள்" என்று சொல்வது போலத்தான் இது. செத்தவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

லாரியில் இருந்த டீசல் எப்படிச் சிறு வண்டிக்கு வந்தது என்பதும் ஒரு கதை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின; சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை சுமார் நாலு மடங்காயிற்று. நம் நாட்டில் பெட்ரோலைவிட டீசல் மலிவு. அதனால் ஜீப்புக்குள்ளும் டீசல் எஞ்சினைப் புகுத்தினார்கள். மஹிந்திரா கம்பெனி முதலில் டிராக்டர் குடும்பத்து எஞ்சினைப் பொருத்தியது. எண்பதுகளில் பிரான்ஸ் தேசத்துப் பியூஜோ எஞ்சினுக்கு மாறியது. எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு சிறு லாரிகள் நாலைந்து பெயர்களில் வந்தன. அவற்றுக்குப் போட்டியாக 1986-ல் டாடா 407 வந்தது. 1988-ல் டாடா பிக்கப் வந்தது. 2005-ல் வந்த டாடா ஏஸுக்கு நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று நாமகரணம் செய்தார்கள். 2011-ல் பக்கத்து ஜில்லாவில், ஓசூரில், அசோக் லேலண்ட் 'தோஸ்த்' பிக்கப்பைச் செய்தது.

மாட்டு வண்டி போன இடமெல்லாம் இவை போயின. கீரை, பூ, பால், செங்கல், கல்யாணச் சாமான், சவப்பெட்டி, நாடக செட்டு, எல்லாம் இவற்றில்தான். ஒரு ஏக்கர் நிலம் வாங்க முடியாத குடும்பத்துப் பையன் ஒருவன், தவணையில் ஒரு பிக்கப் வாங்கி முதலாளி ஆனான். அவனுக்கு எஞ்சின் நிற்பதென்றால் அடுப்பு நிற்கிறது என்று அர்த்தம்.

இதற்கிடையே எஞ்சினுக்குள் ஒரு பெரிய மாறுதல் நடந்துவிட்டது. பழைய பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக எண்ணெயைத் தள்ளியது. நாஸில் திறக்கிற அழுத்தம் காற்று மண்டலத்தைப்போல சுமார் இருநூறு மடங்கு. 1990-களின் பிற்பகுதியில் வெளிவந்த 'காமன் ரெயில்' முறையில் ஒரே குழாயில் எண்ணெய் ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரம் மடங்கு அழுத்தத்தில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை ஒரு மின்சார மூளைப் பெட்டி தீர்மானிக்கும். இதனால் கிடைத்த லாபம் சாமான்யமல்ல. அந்தக் காலத்துப் பெர்க்கின்ஸ் பி6, 4.7 லிட்டர் எஞ்சின். அது கொடுத்தது சுமார் எண்பது குதிரைச் சக்தி. இன்று ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் பிக்கப் எஞ்சின் கிட்டத்தட்ட அதே சக்தியைக் கொடுக்கிறது.

ஆனால் அந்த நாஸிலின் உள் இடைவெளி தலைமயிரின் கனத்தில் சிறு பகுதிதான். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு துளி மண்ணும் அதற்கு விஷம். பழைய எஞ்சின் கலப்பட டீசலையும் முனகிக்கொண்டே குடித்தது. ரேஷன் மண்ணெண்ணெய் டீசலில் கலந்த காலம் ஒன்று இருந்ததல்லவா? அது வேடிக்கையான விஷயமுமல்ல. 2005 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தில், கலப்பட பங்க்கை மூடிவைத்ததற்காக இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றார்கள். பழைய எஞ்சின் எதையும் தாங்கும் என்கிற பெருமைக்குப் பின்னால், எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்கிற அயோக்கியத்தனமும் ஒளிந்திருந்தது.

"புது எஞ்சின்ல மூளையை எதுக்கு வெச்சான்?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். சிக்கனத்துக்காக என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய குழலை எடுத்து வாயில் வைத்து மருந்தை உறிஞ்சினார்.

"இதுக்குத்தான் சார்" என்றார். "நாற்பது வருஷம் வண்டிக்குப் பின்னாடி நின்னு புகையைப் பார்த்து வியாதி சொன்னேன். வண்டிக்கு வியாதி போச்சு. அது எனக்கு வந்துடுச்சு."

அவர் நெஞ்சில் இருப்பது டீசல்தானா, அவர் நெடுநாள் குடித்த பீடியா என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் 2012-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று திட்டமாக அறிவித்தது. நம் சர்க்காரும் படிப்படியாகச் சட்டம் கொண்டுவந்தது. பாரத் ஸ்டேஜ் மூன்றாம் படியில் டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் இருக்கலாம். நான்காம் படியில் 50. ஐந்தாவதைத் தாண்டிக் குதித்து ஆறாம் படிக்குப் போனபோது 10. நான்காம் படி நாடு முழுவதும் 2017 ஏப்ரல் முதல் தேதி வந்தது. விற்காமல் கிடந்த மூன்றாம் படி வண்டிகளை அதற்குப் பிறகு விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் தீர்ப்புச் சொன்னது. ஆறாம் படி 2020 ஏப்ரலில் வந்தது. டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்தூள் விடலாம் என்றிருந்த வரம்பு 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் மலை சுற்றுகிற ஊரில், அவர்கள் மூச்சிழுக்கும் காற்றைப் பற்றிய கணக்கு இது.

அந்தக் கரித்தூளைப் பிடிப்பதற்கு ஆறாம் படி வண்டியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். பிடித்த கரியை என்ன செய்வது? எஞ்சினே அதை அவ்வப்போது சூடாக்கிச் சாம்பலாக எரித்துவிட வேண்டும். அதற்கு வண்டி நல்ல சாலையில் ஒரே சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். இந்த இடத்தில்தான் பூ வண்டியின் ரகசியம் இருந்தது.

மேஸ்திரியின் தங்கை மகன், பாலிடெக்னிக் படித்த பையன், ஸ்கேனர் என்ற சிறு பெட்டியை வண்டியில் செருகிப் பார்த்தான். நாஸில் சரி, பம்பு சரி, பாட்டரி சரி. வடிகட்டி மட்டும் கரியால் அடைத்துப்போயிருந்தது. மேஸ்திரி வண்டிக்காரரை விசாரித்தார். பகலெல்லாம் ஊருக்குள் சவாரி. தேரடி வீதி நெரிசலில் ஊர்ந்து போவது. விடியற்காலையில் கிராமம் கிராமமாக நின்று, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே மூட்டை ஏற்றுவது. எஞ்சின் பல முறை கரியை எரிக்க ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இவர் நிறுத்திவிட்டிருக்கிறார். பிறகு அது மஞ்சள் விளக்கைப் போட்டுப் பத்து நாள் கெஞ்சியிருக்கிறது.

ஆகவே புது எஞ்சினும் சொல்லிவிட்டுத்தான் நின்றது! அது சொன்னதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வண்டிக்காரர் முன் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். வண்டியோடு வந்த விளக்கப் புத்தகம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. உள்ளே இங்கிலீஷில், அந்த மஞ்சள் விளக்கின் படத்துக்கு எதிரே எல்லாம் எழுதியிருந்தது. அவர் பத்தாவது வரையில் தமிழில் படித்தவர். வண்டி எடுத்த அன்றைக்குச் சாவியோடு பழத்தட்டு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அந்த விளக்கு என்ன சொல்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"எங்க காலத்துல டிரைவர் ஆகறதுக்கு முன்னாடி மூணு வருஷம் கிளீனரா இருக்கணும்" என்றார் மேஸ்திரி. "அடி வாங்கி வாங்கிக் கத்துக்குவான். இப்போ கிளீனரே கிடையாது. பணம் கட்டினா அன்னிக்கே டிரைவர்."

அடிபட்டுக் கற்றதை நான் புகழவில்லை. மேஸ்திரியின் புறங்கையில் அவர் குரு போட்ட ஸ்பானர் தழும்பு இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒன்று இருந்தது. எஞ்சின் பேசுகிற மொழி, எஞ்சினோடேயே ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்குப் போய்க்கொண்டிருந்தது. புது எஞ்சின் வந்த வேகத்துக்கு அதன் மொழி வந்து சேரவில்லை. இரும்பை மட்டும் பார்த்தால் புதுசுதான் உழைப்பாளி என்பது என் அபிப்பிராயம். குறைவாகப் பழுதாகிறது, குறைவாகக் குடிக்கிறது, அடுத்தவன் நெஞ்சைக் கெடுப்பதும் குறைவு. ஆனால் புளிய மரத்தடியில் நின்றுபோனவனுக்கு இரும்பைப் பற்றிய கணக்கு எதற்கு? தன்னைச் சரிசெய்யக்கூடிய கை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதே அவனுக்குக் கணக்கு. பழைய எஞ்சினுக்கு அந்தக் கை அடுத்த லாரியில் வந்தது. புது எஞ்சினுக்கு அது பல ஊர் தாண்டி, நீண்ட வரிசையில், பெரிய பில்லோடு உட்கார்ந்திருக்கிறது. ஏழைக்குப் பழசின் மேல் இருக்கிற பிரியம் அறியாமையல்ல. இந்தத் தூரத்தை அளந்து பார்த்த புத்திசாலித்தனம்.

பையன் ஸ்கேனரில் ஏதோ கட்டளை கொடுத்தான். நின்ற இடத்திலேயே எஞ்சின் உரக்க முழங்கிற்று. புகைக்குழாய் அனலாகக் கொதித்தது. ஏறக்குறைய அரை மணியில் கரி எரிந்து தீர்ந்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது. மேஸ்திரி பழக்கதோஷத்தால் வண்டிக்குப் பின்னால் போய் நின்று புகைக்குழாயைப் பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கையை நீட்டி, விரலால் குழாயின் உள் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி ஒட்டவில்லை. சிறிது நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனத்தில் இருந்தது சந்தோஷமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. கதை எழுதுகிறவனாக இருந்தும் நான் அதைக் கேட்கவில்லை.

போன மாதம் பூ வண்டிக்காரரைப் பஸ் நிலையத்தருகில் பார்த்தேன். "ஏறுங்க சார், எங்கே போகணும்?" என்றார். வீட்டில் இறக்கிவிடச் சொன்னேன். "கொஞ்சம் சுத்திப் போகலாமா?" என்று கேட்டுவிட்டு, செங்கம் சாலையில் ஊரைத் தாண்டி ஓட்டினார். காலி வண்டி. ஒரே சீரான வேகம். இருபது நிமிஷம் போய்த் திரும்பினோம்.

"வாரத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு சுத்து சுத்திடறேன் சார். மேஸ்திரி சொல்லியிருக்காரு" என்றார். "ஊர்ல எல்லாரும் கால் நடையா மலையைச் சுத்தறாங்க. என் வண்டிக்கும் ஒரு கிரிவலம்."

முன் பலகையைப் பார்த்தேன். விளக்கு எதுவும் எரியவில்லை. அதன் கீழே, பிளாஸ்டிக் உறை பிரித்த விளக்கப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு விளக்குப் படத்துக்கும் பக்கத்தில், மேஸ்திரியின் தங்கை மகன் பால்பாயிண்ட் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தான்.